தலை இருந்த இடத்தில் பூ

எனக்குக் கோபம் சட்டென்று வரும். வந்துவிட்டால் வாய் நிற்காது. "முருகனுக்கே கோவம் தணிஞ்ச ஊருல வாழ்க்கைப்பட்டும் உனக்குத் தணியல பாரு" என்று என் கணவர் கிண்டல் செய்வார். அவர் எனக்கு அத்தை மகன். சின்ன வயதில் பாவா என்று கூப்பிட்டுப் பழகியது கல்யாணத்துக்குப் பிறகும் அப்படியே நின்றுவிட்டது. சாதாரண நாளில் அவரை 'வாங்க, போங்க' என்பேன். கோபம் வந்தால் 'நீ'தான். சந்தில் இருக்கிற எல்லாருக்கும் இது தெரியும்.

திருத்தணி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் ஃப்ளெக்ஸ் பேனர் கடை. அவர் மிஷின், நான் டிசைன். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக்காரர்களைக் கைகூப்பி வரவேற்கும் பேனர் என்று வருஷம் முழுக்க ஓடும். நான் சென்னையில் ஓவியம் படித்துப் பட்டம் வாங்கியவள். அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு ஆர்.கே.பேட்டை மாப்பிள்ளைகளின் கன்னத்துப் பருவை அழித்துக்கொண்டிருந்தேன். அதில் ஒன்றும் குறைச்சல் இல்லை, சோறு போடுகிற வேலை. ஆனால் படங்களைப் பற்றி வாய் ஓயப் பேச வேண்டும் என்கிற ஆசை உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. பாவாவிடம் பேசுவேன். அவர் "ஆங், ஆங்" என்று கேட்டுக்கொண்டே செல்லில் ஆர்டர் பார்ப்பார்.

போன ஆடி மாதம், என்னோடு படித்த தோழி ஒருத்தி ஒரு செய்தி அனுப்பினாள். சென்னையில் ஒரு தனியார் கலைக்கூடம் ஐரோப்பாவிலிருந்து பழைய சமய ஓவியங்களைக் கொண்டுவந்து வைத்திருக்கிறது. பார்க்க வருகிற சாதாரண ஜனங்களுக்கு அவற்றைத் தமிழில் விளக்கிச் சொல்ல ஆள் தேவை. பிடித்துப்போனால் நிரந்தரமாகவே வைத்துக்கொள்வார்கள். படித்து முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. எனக்காகவே எழுதிய விளம்பரம் மாதிரி இருந்தது.

விண்ணப்பித்தேன். சனிக்கிழமை காலை வரச் சொல்லிப் பதில் வந்தது. கூடவே ஒரு படம். அந்தப் படத்தின் முன்னால் நின்று பார்வையாளர்களிடம் பத்து நிமிடம் பேச வேண்டும், அதுதான் தேர்வு.

சந்தோஷத்தோடு பயமும் வந்தது. இதற்கு முன் இரண்டு இடங்களில் இப்படி வாய்ப்பு வந்து, என் வாயாலேயே போயிருந்தது. ஓரிடத்தில் ஒருவர், "திருத்தணியா? அங்கே மொட்டை அடிப்பாங்க, ஓவியம் கூடவா?" என்று சிரித்தார். நான் திருப்பிக் கொடுத்ததில் அவருடைய காபி அப்படியே ஆறிப்போனது. வேலையும் போனது. இதையும் கோட்டைவிட்டால் இனிமேல் யார் என்னைக் கூப்பிடப் போகிறார்கள்? ஆயுசுக்கும் பருவை அழிக்க வேண்டியதுதான்.

படத்தைச் சொல்கிறேன். இத்தாலியில் பதினேழாம் நூற்றாண்டில் வரைந்தது. யார் வரைந்தது என்று தெரியவில்லை. பரோக் பாணி. வேதாகமத்தில் வருகிற கதை: ஆடு மேய்க்கிற பையன் ஒருவன் கவண்கல்லால் ஒரு ராட்சதனை நெற்றியில் அடித்து வீழ்த்தி, அவன் கத்தியாலேயே அவன் தலையை வெட்டுகிறான். ஓவியத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. பையன் நிற்கிறான். பின்னால் ஒரே இருட்டு, சுவர் இல்லை, வானம் இல்லை, ஊர் இல்லை. இடது மேல்மூலையிலிருந்து ஒரு வெளிச்சம் அவன் தோளில் விழுந்து, நீட்டிய கையோடு சரிவாகக் கீழே இறங்குகிறது. கை முடிகிற இடத்தில், முடியைப் பிடித்த பிடியில், ராட்சதனின் தலை தொங்குகிறது. இன்னொரு கையில் கத்தி, நுனி தரையைப் பார்த்தபடி.

எங்கள் பேனரில் வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் வரும். முக்கியமானவர் மேலே பெரிதாக, மற்றவர்கள் கீழே வரிசையாக, எல்லார் முகமும் பளிச்சென்று. இருட்டு என்றால் எங்களுக்கு மைச் செலவு. இந்த ஓவியனோ முக்கால்வாசிப் படத்தை இருட்டுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சமிருக்கிற துளி வெளிச்சத்தில் நம் கண்ணைக் கையைப் பிடித்து அழைத்துப்போவது போல அழைத்துப்போகிறான். தோள், கை, தலை. என்ன தைரியம் ஐயா உனக்கு என்று திரையைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னேன்.

இணையத்தில் தேடித் தேடிப் படித்தேன். பக்தியின் வெற்றி, அகந்தையின் வீழ்ச்சி என்று கிடைத்ததை எல்லாம் மனப்பாடம் செய்தேன். ஆனால் ஒன்று மட்டும் இடித்துக்கொண்டே இருந்தது. அந்தப் பையனின் முகம். ஜெயித்தவன் முகமா அது? பாதி வெளிச்சத்தில், பாதி இருட்டில், உதடு லேசாகத் திறந்து, தலை சாய்ந்து... ஊரையே காப்பாற்றியவன் அப்படியா நிற்பான்? எங்கள் ஊர்ப் பையன்கள் கபடியில் ஜெயித்தாலே பேனர் வைத்து மீசையை முறுக்குகிறார்கள்.

செல் திரையில் பார்த்தால் இது பிடிபடாது என்று தோன்றியது. நிஜப் படம் ஆள் உயரத்துக்கு மேல். அதன் முன்னால் நின்றால் கண் முதலில் எங்கே போகிறது, எங்கே திரும்பி வருகிறது என்பது உடம்புக்குத் தெரிய வேண்டும். பாவாவிடம், "இதை நிஜ அளவுக்கு ஒண்ணு அடிச்சுக் குடுங்க, சனிக்கிழமை பேசணும்" என்று சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமை காலை வீட்டு வேலையை முடித்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

மிஷினிலிருந்து இறக்கி மேசையில் விரித்திருந்தார். பார்த்தேன். தலையைக் காணோம்.

தலை இருந்த இடத்தில் பூ. குவியல் குவியலாகப் பூ. சாமந்தி, அரளி, ரோஜா இதழ், மல்லி. பையன் கையை நீட்டி அந்தப் பூவுக்குள் விட்டுக்கொண்டு நிற்கிறான்.

"இன்னா பாவா இது?"

"ஏன், நல்லாத்தானே கீது?" என்றார், மிஷினைத் துடைத்துக்கொண்டே.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் மிஷினுக்குக் கற்பூரம் காட்டிவிட்டு அடிக்கிற முதல் பிரிண்ட் மங்களகரமாக இருக்க வேண்டும். கண்ணீர் அஞ்சலி ஆர்டர் எவ்வளவு அவசரமானாலும், முதலில் ஒரு சின்னப் பிள்ளையாராவது வெளியே வந்த பிறகுதான்.

"ஆடி வெள்ளிக்கெழம. மொத பிரிண்ட். வெட்டுன தலைய அடிக்கச் சொல்றியே, மிஷினு சும்மா இருக்குமா? அதான் பூவ வெச்சு மூடிட்டேன். மூஞ்சி தெளிவா வந்துகீது பாரு."

"பிள்ளையார் ஒண்ணு அடிச்சிட்டு அப்புறமா இதை அடிக்க வேண்டியதுதானே?"

"பொதட்டூர்பேட்டைக்குப் போயி பேனர் கட்டணும். நேரம் எங்க கீது?"

"சரி, இப்ப இன்னொண்ணு அடி."

"கறுப்பு மை காலி. இந்த இருட்டு மொத்தத்தையும் குடிச்சிடுச்சி. நாளைக்குத்தான் மை வரும்."

அவ்வளவுதான். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "நாளைக்கு என் வாழ்க்கை! உனக்குப் பூவா? அந்தத் தலை இல்லாம அந்தப் படமே இல்லயே! எத்தினி வருஷமா உன்கூட குப்பை கொட்டிகினு கீறேன், ஒரு படத்தைப் பார்க்கத் தெரியுமா உனக்கு? காதுகுத்து பேனருக்கு மேல உன் கண்ணுக்கு எதுனா தெரியுமா?" இன்னும் என்னென்னவோ சொன்னேன். எதிர்ப்புறம் டீக்கடையில் பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

பாவா துணியை மிஷின் மேல் போட்டுவிட்டுக் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார்.

நான் அந்தப் பிரிண்டைத் தலைப்பக்கம் பிடித்துத் தூக்கினேன். கிழித்துப் போட்டுவிடலாம் என்றுதான் தூக்கினேன். ஃப்ளெக்ஸைக் கையால் கிழிக்க முடியுமா? தொங்கவிட்டபடி கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். வேறு வழி இல்லை, நாளைக்குப் பேசுவதற்கு இதை வைத்துத்தான் பழகியாக வேண்டும். கிளிப் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டுப் பின்னால் நகர்ந்து பார்த்தேன்.

கண் தோளில் விழுந்தது. கையோடு இறங்கியது. பூவுக்குப் போனது. அங்கிருந்து ஏறி முகத்துக்கு வந்தது.

முகம் மாறவே இல்லை.

என்ன சொல்கிறேன் என்றால், தலையை எடுத்துவிட்டால் அந்த முகம் அபத்தமாக இருக்க வேண்டும் இல்லையா? கொலை செய்தவன் முகத்தைப் பூவுக்கு மேல் வைத்தால் பொருந்தக் கூடாது. ஆனால் பொருந்தியது! பையன் யாருக்கோ பூப் போட்டுவிட்டுக் கையை எடுக்க மனமில்லாமல் நிற்கிறவன் போல இருந்தான். முகத்தைக் கையால் மறைத்துப் பார்த்தேன். கத்தி, கை, சரிவு, எல்லாம் சண்டைக்காரனுடையவை. கையை எடுத்தேன். சண்டை போய்விட்டது. உடம்பை ஒரு நேரத்திலும் முகத்தை இன்னொரு நேரத்திலும் வரைந்திருக்கிறான் அந்தப் பாவி! உடம்பு இப்போதுதான் வெட்டி முடித்திருக்கிறது. முகம் கோபம் இறங்கிய பிறகு வருகிற முகம்.

அப்போதுதான் அந்தப் பூவை உற்றுப் பார்த்தேன். அது என் பூ. நானே மார்க்கெட்டில் படம் எடுத்து, இதழ் இதழாக வெட்டி, கந்த சஷ்டி பேனருக்காகச் செய்து வைத்த குவியல். மற்ற ஊர்களில் சஷ்டிக்குச் சூரசம்ஹாரம். சூரன் தலை கீழே விழும், ஜனம் ஆரவாரம் போடும். எங்கள் மலையில் அது கிடையாது. சுவாமி கோபம் தணிந்து வந்து உட்கார்ந்த இடம் இது, இங்கே சம்ஹாரம் செய்யமாட்டார். அன்றைக்கு அவருக்குப் பூவாகக் கொட்டுவார்கள், புஷ்பாஞ்சலி. வருஷா வருஷம் அந்தப் பேனரைச் செய்கிறேன். தலை விழ வேண்டிய நாளில் பூ விழுகிறது என்று ஒரு நாளாவது யோசித்திருப்பேனா?

எனக்குப் புல்லரித்துவிட்டது. கடைக்குள் ஒற்றை ஆளாகக் குதித்தேன், சத்தியமாகக் குதித்தேன். பாவாவிடம் சொல்ல வெளியே ஓடினேன். டீக்கடையில் அவர் இல்லை. பேனரை வண்டியில் கட்டிக்கொண்டு பொதட்டூர்பேட்டைக்குப் போய்விட்டார் என்றார்கள்.

சாயங்காலம் வந்தார். வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். வெளிச்சம், சரிவு, முகம், பூ, சஷ்டி என்று மூச்சுவிடாமல் கொட்டினேன். சாப்பிடும்போதும் பேசினேன். அவர் "ஆங், ஆங்" என்றார். செல்லைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் கத்தியது எனக்கு ஞாபகமே இல்லை.

சனிக்கிழமை காலை ஸ்டேஷனில் வண்டியை நிறுத்திவிட்டு, "வாயை மட்டும் கொஞ்சம் பார்த்துக்கோ" என்றார். ரயிலில் அரக்கோணம் தாண்டும்வரை அதையேதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன்.

கலைக்கூடத்தில் நிஜப் படம். அடேயப்பா! இருட்டுக்குள் இருட்டு. தலையின் நெற்றியில் கல் பட்ட காயம், கண் ஒன்று பாதி மூடியும் மூடாமலும். எதிரே நாற்காலிகளில் கொஞ்சம் பேர், முன்வரிசையில் பருத்திப் புடவை கட்டிய ஒரு அம்மாள், பக்கத்தில் கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒருவர். அவர்கள்தான் தேர்வு செய்கிறவர்கள்.

கண் போகிற வழியிலிருந்து ஆரம்பித்தேன். தோள், கை, தலை, மறுபடி முகம். கூட்டத்தின் கண்கள் என் கையோடு இறங்கி ஏறுவதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் குஷி தாங்கவில்லை. நடுவில் அட்டைக்காரர் கை தூக்கினார்.

"இவ்வளவு சுத்தி வளைப்பானேன்? வெற்றிப் படம், அவ்வளவுதானே? உங்க ஊர் சாமி அசுரனைக் கொல்ற மாதிரி?"

காது சூடானது. நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. படத்தில் அந்தப் பையனின் முகத்தைப் பார்த்தேன். விழுங்கினேன்.

"மத்த ஊர்ல கொல்லுவாருங்க. எங்க ஊர்ல கொல்றதில்லீங்க" என்றேன்.

சஷ்டியைச் சொன்னேன். பூவைச் சொன்னேன். முதல் பிரிண்ட் கதையைச் சொல்லி, செல்லில் எடுத்துவைத்திருந்த பூ வைத்த படத்தைக் காட்டினேன். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அந்த அம்மாள் செல்லை வாங்கி, அதையும் சுவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"அப்போ எது நல்ல படம்? உங்க வீட்டுக்காரர் படமா, இதுவா?"

அந்தக் கேள்வியை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. ஆனால் பதில் தானாக வந்தது. "இதுதாங்க. பூவை வெச்சா பையன் வெறும் நல்லவனா ஆயிடுறான். தலை இருந்தாத்தான் அந்த முகத்துக்கு எடை. இவன் கொன்னவன். கொன்னதுக்கு அப்புறம் இப்படி நிக்கிறான். ஜெயிச்சதை இவனால கீழ போடவும் முடியல, தூக்கிப் பிடிக்கவும் முடியல. ஆனா பூ வெச்சுப் பார்க்கலன்னா எனக்கு இந்த முகமே தெரிஞ்சிருக்காதுங்க."

அம்மாள் செல்லைத் திருப்பிக் கொடுத்தார். அட்டைக்காரர் தலையாட்டினார்.

திரும்பி வருகிற ரயிலில், திருவள்ளூர் நெருங்கும்போது அழைப்பு வந்தது. திங்கட்கிழமையிலிருந்து வரச் சொன்னார்கள். நான் போட்ட கூச்சலில் பக்கத்து சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த கொய்யாக்கார அம்மா எழுந்து, "இன்னா ஆச்சு, இன்னா ஆச்சு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேலை கெடச்சிடுச்சிக்கா!" என்றேன். கூடையிலிருந்து ஒரு கொய்யாவை எடுத்து எனக்குக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாவா கடையை மூடிவிட்டுப் படம் பார்க்க வந்தார். அயர்ன் செய்த சட்டை, நெற்றியில் விபூதி. கூட்டத்தின் கடைசியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் அவரைத் தெரியாதவள் போல எல்லாருக்கும் விளக்கிச் சொன்னேன். உடம்பு ஒரு நேரம், முகம் ஒரு நேரம் என்று சொல்லும்போது ஒரு கிழவர் "ஆமா ஆமா" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது.

கூட்டம் அடுத்த அறைக்கு நகர்ந்தது. பாவா மட்டும் நகரவில்லை. தலையைப் பார்த்தார், கையைப் பார்த்தார், முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

"எப்படி கீது?" என்றேன்.

"இந்த மூஞ்சிய நான் ஏற்கெனவே பார்த்துகீறேன்."

"எங்க?"

"நம்ம கடையில. அன்னிக்கு அந்தக் கத்து கத்திட்டு, பிரிண்டைக் கையில தொங்கவுட்டுகினு நின்ன இல்ல? நான் டீக்கடைல இருந்து கண்ணாடி வழியா பார்த்துகினுதான் இருந்தேன். அச்சு அசல் இதே மூஞ்சி."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கீழே கையை நீட்டி, அந்த முடியைப் பிடித்த பிடியைக் காட்டினார்.

"அப்ப இது யாரு தலைன்னு உனக்கே தெரியும்."

இத்தனை நாளும் அந்தப் படத்தைப் பற்றி எத்தனை பேரிடம் பேசியிருப்பேன். ஒருமுறைகூட எனக்கு இது தோன்றவில்லை. அன்றைக்குச் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. காதுகுத்து பேனருக்கு மேல உன் கண்ணுக்கு எதுனா தெரியுமா என்று கேட்டிருந்தேன். சந்து முழுக்கக் கேட்கும்படி கேட்டிருந்தேன். சிரிப்பு இருக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"வலிச்சுதா பாவா?" என்றேன்.

"ஆங்" என்றார்.